பெருவிரல் ரேமண்ட் அண்ணனுக்கு, முதல் தட்டைப் பற்றி

பாகான் டாலாம் ஈன்ற பண்பாளரே, பாயான் லெப்பாஸ் பெற்ற பணிச்செல்வரே, மார்க்கிங் பிரிவின் மாண்பே, மங்காத நினைவாற்றலின் மன்னரே, பல்லாயிரம் பிரிட்ஜ் ரெக்டிஃபையர்களைப் பழுதின்றி அனுப்பிவைத்த பெருந்தகையே, எங்கள் ரேமண்ட் அண்ணே, வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிற்சாலையில் உழைத்து, சூப்பர்வைசராய் உயர்ந்து, இன்று ஓய்வு பெறும் தாங்கள், இந்தக் கேண்டீன் மேடையில் மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் இவ்வேளையில், மார்க்கிங், டெஸ்டிங், பேக்கிங் பிரிவுகளின் தமிழ்ப் பணியாளர்கள் நாங்கள், வழக்கம் மாறாமல் இந்த மடலை உங்கள் முன் வாசித்தளிக்கிறோம்.

எழுதியவள் லோகேஸ்வரி. ஆறாம் படிவம் வரை தமிழ் படித்தேன் என்ற ஒரே குற்றத்துக்காக, யார் ஓய்வு பெற்றாலும் இந்த வேலை என் தலையில்தான் விழுகிறது. இதுவரை எழுதிய மடல்களில் ஒரே சட்டையை எல்லோருக்கும் மாட்டி அனுப்பினேன். கடமை, கண்ணியம், கனிவு என்று அடுக்கினால் போதும், யாருக்கும் பொருந்திவிடும். உங்களுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்திருக்கிறேன், அண்ணே. சில இடங்களில் இறுக்கமாக இருக்கும். எழுதிய கை என்னுடையது, கோபம் எங்கள் எல்லோருடையது.

முன்வரிசையில் மனிதவளப் பிரிவின் மேலாளர் கமால் அமர்ந்திருக்கிறார், மரியாதைக்கு நாம் ‘என்சிக்’ கமால் என்போம். கிளந்தானிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘வணக்கம்’, ‘சாப்டியா’ என்ற இரண்டுதான். ஆகவே தோழர்களே, நான் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களிலெல்லாம் நன்றாகக் கைதட்டுங்கள். முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணே, நீங்களும்தான்.

குடும்பத்தார் வந்திருக்கிறீர்கள். ஸ்டெஃபனி அக்கா, மகள் நட்டாலி, உங்களுக்காக ஒரு விளக்கம். உங்கள் வீட்டுத் தலைவர் இத்தனை ஆண்டுகளாக இங்கே என்ன செய்தார் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு திசையில் நிற்காது. முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் அது ஆகாது, அவற்றுக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் நாங்கள் தயாரிக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர். தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புக் கட்டை, உள்ளே நான்கு டையோடுகள், கீழே வரிசையாக நான்கு கால்கள். நடுவிலுள்ள இரண்டு கால்களில் மின்சாரம் எப்படி மாறி மாறி வந்தாலும் ஓரத்துக் கால்களில் ஒரே திசையாக வெளியேறும். ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். எது பிளஸ் என்று கட்டையின் முகத்தில் எழுதுவதுதான் எங்கள் மார்க்கிங் இயந்திரத்தின் வேலை. அந்தக் குறி இடம் மாறினால், அதை நம்பிப் பொருத்துகிறவரின் மின்சுற்றுப் பலகையில் அடுத்து நிற்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வீங்கி வெடிக்கும். அது வெடிப்பதை ஒரு முறை பார்த்தவர்கள் அப்புறம் குனிந்து வேலை செய்ய யோசிப்பார்கள்.

பெருவிரலால் பெயர் பெற்றவரே,

கட்டையின் பிளஸ் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். தட்டில் அடுக்கிய கட்டைகள் இயந்திரத்துக்குள் போகுமுன், வரிசையின் ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தடவு தடவி, வெட்டு மூலைகள் எல்லாம் சரியான பக்கம் இருக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கம் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இருந்ததில்லை. அது நீங்கள் கொண்டுவந்தது. “கண்ணு அசந்து போகும்லா. பெருவிரல் அசராது” என்று சொல்லிச் சொல்லி, எங்கள் ஒவ்வொருவர் விரலையும் நீங்களே பிடித்துத் தடவவைத்தீர்கள். சபூரா முதல் வாரம் கையுறையோடு தடவியதைப் பார்த்து, “அது என்னா, பூனையத் தடவுறியா?” என்று கேட்டீர்கள். பிரிவே சிரித்தது. அந்தப் பெருவிரலால்தான் இந்தப் பிரிவிலிருந்து வெளியே போன சரக்கு ஒன்றுகூட அத்தனை காலமும் திரும்பி வராமல் இருந்தது. இதில் மிகை எதுவும் இல்லை. பாராட்ட வேண்டியதை மனமாரப் பாராட்டுகிறோம்.

சொன்ன சொல்லைச் சுமந்தவரே,

“நீ போ, நான் பாத்துக்கறேன்.” இந்த வார்த்தையை உங்கள் வாயால் கேட்காதவர் இந்தக் கூடத்தில் யாரும் இல்லை. சுபாஷினியின் தந்தை இறந்த அன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் இயந்திரத்தில் நீங்களே நின்றீர்கள். தொழிற்சாலைப் பஸ் பினாங்குப் பாலத்தில் பழுதாகி நாங்கள் எல்லோரும் தாமதமாக வந்தபோது, மேலிடத்தின் வசவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே அனுப்பினீர்கள். மேலிருந்து வரும் திட்டும் கீழிருந்து எழும் முணுமுணுப்பும் உங்களிடம்தான் வந்து சேரும். உங்களிடமிருந்து வெளியே வருவது நிதானமான ஒரு வார்த்தைதான். ‘நான் பாத்துக்கறேன்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால் அதை மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று இருந்தோம். அப்படி இருந்ததுதான் நம் மார்க்கிங் இயந்திரத்து லெட்சுமிக்கு வினையாக முடிந்தது.

அவள் பெயர் காதில் விழுந்ததும் என்சிக் கமால் நிமிர்ந்து பார்க்கக்கூடும். அவளும் உங்களைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். கைதட்டுங்கள்.

நினைவாற்றலின் நாயகரே,

எங்களில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். யார் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்று சொல்வீர்கள். இயந்திரத்தில் எந்த ஆணியை எந்த மழைக்காலத்தில் மாற்றினார்கள் என்றுகூடச் சொல்வீர்கள். உங்கள் நினைவாற்றலைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது என்பது எனக்கு மிகச் சுலபமான வேலையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்தியில்தான் பேனா நின்றுபோனது, அண்ணே. உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு காலைப் பொழுதை, எங்களுக்கு இருக்கும் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்கிறோம்.

வெளிநாட்டு விருந்தினர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த காலை அது. நடைபாதையில் நின்றபடியே அவர்கள் திரையைப் பார்க்க வேண்டும் என்று மேலிடம் ஆசைப்பட்டதால், விடிந்ததும் மார்க்கிங் இயந்திரத்தை அப்படியே எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். இயந்திரம் திரும்பியது, கைகள் திரும்பவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக ஒரே பக்கம் தட்டை நீட்டிப் பழகிய கை, வாய் மாறிய இயந்திரத்துக்கும் பழைய பக்கமே நீட்டும். அதற்குத்தான் பெருவிரல் இருக்கிறது. லெட்சுமி முதல் தட்டைக் கையில் எடுத்துத் தடவப் போனாள். விருந்தினர்கள் கதவருகே வந்துவிட்டார்கள்.

“இன்னிக்கு தடவ வேணாம்லா லெட்சுமி, ஆளுங்க வந்துட்டாங்க. ஓட விடு” என்றீர்கள். இதை அவள் மட்டும் கேட்டாள். மற்றவர்கள் காதில் பஞ்சு இருந்தது, பக்கத்தில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

முதல் தட்டு ஓடியது. எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன, விருந்தினர்கள் படம் எடுத்தார்கள். அவர்கள் அடுத்த பிரிவுக்கு நகர்ந்ததும் லெட்சுமி இரண்டாவது தட்டை எடுத்தாள். யாரும் சொல்லாமலே தடவினாள். வெட்டு மூலை எதிர்ப்பக்கம் நின்றது. தட்டைத் திருப்பிவைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு நேராக உங்களிடம் ஓடினாள்.

“அண்ணே, மொத தட்டு திரும்பிப் போயிருக்கு. பேக்கிங்லேர்ந்து எடுத்துடணும்.”

“நீ போம்மா, நான் பாத்துக்கறேன்.”

இந்தப் பேச்சும் எங்கள் காதில் விழவில்லை, பிறகு லெட்சுமி சொல்லித்தான் தெரியும். ஆனால் அவள் ஓடியதைப் பார்த்தோம். அவள் பேக்கிங் பக்கம் கை காட்டியதைப் பார்த்தோம். நீங்கள் தலையசைத்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டியதையும் பார்த்தோம். அவள் நிம்மதியாகத் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தாள். நீங்கள் விருந்தினர்களின் பின்னால் தேநீருக்குப் போனீர்கள். முதல் தட்டு மற்ற தட்டுகளோடு பெட்டிக்குள் போனது.

மறந்துவிட்டீர்கள். அதை நாங்கள் நம்புகிறோம். அன்று உங்களை ஆளாளுக்கு இழுத்தார்கள், மறக்காத மனிதரும் ஒரு நாள் மறப்பார். அந்த மறதிக்காக இங்கே ஒருவருக்கும் உங்கள்மேல் கோபம் இல்லை. இதை அடிக்கோடிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

சரக்கு எல்லை தாண்டிப் போய் ஒரு சார்ஜர் தொழிற்சாலையில் இறங்கியது. அங்கே சோதனை மேசையில் கெப்பாசிட்டர் வெடித்து, வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கன்னம் வெந்தது. கண் தப்பியது. புகார் இங்கே வந்தது. யார் கை வைத்தது என்று தேடினார்கள், கை லெட்சுமியுடையது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நடந்ததை அவள் நடந்தபடியே சொன்னாள். என்னையும் அழைத்தார்கள். நீங்கள் பெருவிரலைத் தூக்கியதைப் பார்த்தேன் என்றேன். “அவர் சொன்னது காதில் விழுந்ததா?” என்று என்சிக் கமால் கேட்டார். விழவில்லை என்றேன். தூக்கிய விரலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அவர்மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, லெட்சுமி உங்களிடம் வந்து சொன்னாளா என்று மலாயில் கேட்டார்.

நான் அதே அறையில், உங்களுக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

“தாக் இங்காட், என்சிக்.”

ஞாபகம் இல்லையாம். எங்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்வரை மனப்பாடமாக வைத்திருக்கிற நீங்கள் சொன்னது இது. லெட்சுமி உங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுகிறவள்போல் பார்த்தாள்.

அண்ணே, எங்கள் கோபம் அந்த இரண்டு வார்த்தைகளின்மேல்தான். மனமார்ந்த கோபம். இந்த மடலில் மற்றதையெல்லாம் அலங்காரமாக எடுத்துக்கொண்டாலும் இதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையிலேயே ஞாபகம் இல்லாதவர் எப்படி இருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் வழக்கம்போல இருப்பார். நீங்கள் விசாரணைக்கு மறுநாளிலிருந்து தொழிற்சாலைப் பஸ்ஸில் வருவதில்லை. பாகான் டாலாமில் நீங்களும் லெட்சுமியும் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள். அவள் வேலைக்கு வருவதில்லை என்று தெரிந்தும், அந்த நிறுத்தத்தில் நிற்க உங்களுக்கு மனம் வரவில்லை, மழையிலும் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி வந்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டையும் நீங்களே வந்து தடவிப் பார்த்தீர்கள். நாங்கள் தடவியதையும் இன்னொரு முறை தடவினீர்கள். உங்கள் பெருவிரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று ஒருநாள் இதே கேண்டீனில் நான் கேட்டேவிட்டேன். நீங்கள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, “போற நேரத்துல எனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?” என்றீர்கள்.

நீங்கள் போகிற நேரம்தான். அவள் இருக்க வேண்டியவள். அவளுக்கு இன்னும் எத்தனையோ ஆண்டு வேலை பாக்கி இருக்கிறது, வளர்க்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவனக்குறைவு என்று ஒரு தொழிற்சாலை வெளியே அனுப்பிய பெயரைப் பாயான் லெப்பாஸில் வேறெந்தத் தொழிற்சாலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாது. அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்வதில்லை. போன வாரம் பார்க்கப் போனபோது, தன் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே, “அந்தப் பொண்ணு முகம் என்னாலதானே அக்கா வெந்துச்சு?” என்று கேட்டாள். இல்லை என்றேன். என் ‘இல்லை’க்கு அவளிடம் மதிப்பில்லை. அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

மாலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கழுத்தில் கிடப்பது லெட்சுமி கட்டியது. அவள் கை எவ்வளவு நெருக்கமாகப் பூ வைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், கவனித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தி வைக்கப்பட்டவர் வளாகத்துக்குள் நுழையக்கூடாது என்பதால் காவலுக்கு நிற்கும் ஜாகா அவளை உள்ளே விடவில்லை. வாசலிலேயே மாலையை என் கையில் கொடுத்து, “என் பேரச் சொல்லாதீங்க அக்கா, போட்டுக்க மாட்டாரு” என்றாள். நீங்கள் போட்டுக்கொள்ளும்வரை சொல்லவில்லை. போட்டுக்கொண்டீர்கள், சொல்லிவிட்டேன். கழற்றாதீர்கள். கைதட்டுங்கள் தோழர்களே, அண்ணன் முகத்தை என்சிக் கமால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்டெஃபனி அக்கா, உங்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருந்ததற்கு வருந்துகிறோம். உங்கள் கணவரை நாங்கள் மதிக்காமலிருந்தால் கடமை, கண்ணியம், கனிவு என்று எழுதி வாசித்துவிட்டு, ஆளுக்கொரு தட்டு பிரியாணி சாப்பிட்டுக் கலைந்திருப்போம். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் தரப்போகிறோம். உங்கள் வீட்டு வரவேற்பறையில், திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று நீங்களே போன மாதம் என்னிடம் சொன்னீர்கள். தினமும் காலையில் ஜெபம் சொல்லி நிமிரும்போது அண்ணன் இதையும் படிக்கத்தான் வேண்டியிருக்கும். அவர் என்ன மனத்தோடு படிப்பார் என்பதை இன்னும் சற்று நேரத்தில் அவரே முடிவு செய்யப்போகிறார்.

எங்கள் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரியவரே,

வரும் திங்கட்கிழமை லெட்சுமியின் விசாரணை முடிகிறது. அன்று நீங்கள் இங்கே பணியாளர் இல்லை. ஓய்வு பெற்றவரை அழைத்துக் கேட்கும் வழக்கம் இந்தக் கம்பெனியில் இல்லை. ஆக, நீங்கள் வாய் திறக்க முடிகிற கடைசி நாள் இன்று. கேட்க வேண்டிய மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதை முழுவதையும் மலாயில் எழுதி அவர் கையில் கொடுத்திருக்க எங்களால் முடியும், சுபாஷினி நன்றாகவே எழுதுவாள். கொடுக்கவில்லை. உங்களை நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம். அதனால்தான் தமிழில் எழுதினோம். இது இந்த நிமிடம்வரை நம் வீட்டுக்குள் இருக்கிறது, வெளியே கொண்டுபோகும் பெருமை உங்களுக்கே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

வாழ்த்துச் சொல்லாமல் மடல் முடியாது. நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும். முழங்கால் வலி தீர வேண்டும். நட்டாலியின் திருமணத்தில் நீங்கள் எங்களுக்குக் கையால் பரிமாற வேண்டும். காலை நேரத்தில் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தபடி நடந்து போய், பாகான் டாலாம் பசாரில் மீன் வாங்கும்போது எதிரே லெட்சுமி வந்தால், நீங்கள் அந்தப் பக்கத்து வரிசைக்கு நழுவாமல், நின்று, “என்னாம்மா, வேலைக்கு நேரமாச்சுல்ல?” என்று கேட்கிறவராக வாழ வேண்டும். இதைவிடப் பெரிய நல்வாழ்வு ஒன்றை உங்களுக்காக யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பாராட்டு மடலுக்குப் பின் ஏற்புரை என்பது மரபு. மைக் இப்போது உங்கள் கைக்கு வருகிறது. எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டாம், எங்களுக்கு நீங்கள் செய்ததே அதிகம். தமிழிலும் பேச வேண்டாம், தமிழ் தெரிந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ஏற்புரையை மலாயில் சொல்லுங்கள், அண்ணே. முன்பு சொன்னதில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்.

“சாயா இங்காட், என்சிக்.” எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மற்றதை நாங்கள் பாத்துக்கறோம்.

இங்ஙனம்,
மார்க்கிங், டெஸ்டிங், பேக்கிங் பிரிவுகளின் தமிழ்ப் பணியாளர்கள்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

(கையெழுத்துகளுக்கு நடுவே ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அது லெட்சுமியுடையது. பணியில் இருப்பவர்கள் மட்டுமே கையெழுத்திடலாம் என்பதால் இன்று அவள் இடவில்லை. கண்ணாடி போடுவதைத் திங்கட்கிழமை வரை தள்ளிவைத்திருக்கிறோம்.)